ஆறு படம், ஐந்து நிறுத்தம்

1. குகைக் கதை

நான் சொன்ன முதல் கதையைக் கேட்டு ஒரு பையன் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் ஓடினான். காலில் செருப்புக்கூட இல்லை. செக்யூரிட்டிதான் இடுப்போடு தூக்கிக்கொண்டு வந்து ஒப்படைத்தார்.

கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஸ்கேன் டெக்னீஷியனாக இருந்தேன். அப்போது என்னை எக்ஸ்ரேயிலிருந்து எம்ஆர்ஐக்கு மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. எக்ஸ்ரேயில் குழந்தை அழுதாலும் வேலை முடிந்துவிடும். மூச்சை அடக்கு, எடுத்தாச்சு, இறங்கு. எம்ஆர்ஐ அப்படியல்ல. நீளக் குழாய் போன்ற மெஷினுக்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். தலைப் படம் என்றால் முகத்துக்கு மேலே ஹெட் காயில் என்று ஒரு கூட்டை வேறு மாட்டுவோம். மெஷின் ஓடும்போது டக்குடக்கென்றும் கொர்ரென்றும் காதைப் பிளக்கும். மீசை வைத்த பெரிய மனிதர்களே, “போதுங்க, என்னைய வெளிய எடுத்துப்போடுங்க” என்று கையைக் காலை உதறுவார்கள்.

அசைந்தால் படம் கலங்கிவிடும். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்போம். அதற்குக் காலையிலிருந்து பட்டினி போட வேண்டும், மயக்க டாக்டர் வந்து பார்க்க வேண்டும், முடிந்ததும் எழும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவு எதற்கு, ஒரு கதை சொன்னால் பிள்ளை தானாகப் படுத்துக்கொள்ளாதா என்று எனக்கு ஒரு யோசனை வந்தது.

பையன் பொள்ளாச்சிக்கு அப்பால், மலையடிவாரத்துக் கிராமம். எட்டு வயது. நான் குரலை ஏற்றி இறக்கி ஆரம்பித்தேன். “கண்ணு, இது ஒரு குகை. நீ உள்ள போயி அசையாமப் படுத்தீன்னா புதையல் கிடைக்கும்.”

அவன் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். “உள்ள சிறுத்தை இருக்குமுங்களா?”

நான் கதையின் போக்கில் இருந்தேன். “இருந்தா என்ன? நீதான் பெரிய வீரனாச்சே!”

அவ்வளவுதான், ஆள் இல்லை. போன வாரம்தான் அவர்கள் தோட்டத்துப் பட்டியில் சிறுத்தை ஓர் ஆட்டை இழுத்துப் போயிருக்கிறது. அதை அவன் அம்மா பிறகு சொன்னார்.

எங்கள் ஹெட் டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டே வந்தார். “ஏனுங்க ஜெயந்திம்மா, மயக்க மருந்து குடுத்தாப் பிள்ளைங்க தூங்குது. நீங்க கதை சொன்னா ஓடியே போயிருதே!”

ஒரு வாரம் டிபார்ட்மென்ட் முழுக்க இதே பேச்சு. எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். அன்றே முடிவு செய்தேன், இந்த வேலையைக் கற்றுக்கொள்ளாமல் விடுவதில்லை என்று.

2. ஊசி போடுகிற சிஸ்டர்

கற்றுக்கொள்ள வந்தவளுக்கு முதல் எதிரி குழந்தையின் பயம் அல்ல. குழந்தையைப் பெற்றவர்கள்தான்.

“அம்மணி, ஆடாம உக்காரு. இல்லாட்டி அந்தா வாராங்க பாரு, சிஸ்டர், ஊசி போட்டுருவாங்க.” வெயிட்டிங் ஹாலில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இதைக் கேட்பேன். முதலில், நான் சிஸ்டர் அல்ல. இரண்டாவது, நான் பெரும்பாலும் ஊசி போடுகிறவளும் அல்ல. பத்து நிமிடம் கழித்து அதே குழந்தை என்னை நம்பிக் குழாய்க்குள் போக வேண்டும். எப்படிப் போகும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஏனுங்க, என்னையப் பூச்சாண்டியாக்கிப் போட்டு எங்கிட்டயே பிள்ளையக் குடுக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டேவிடுவேன். அவர்கள் சிரிப்பார்கள். மறுபடியும் அதையே சொல்வார்கள்.

வீட்டிலிருந்து ஓட்டையான சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கொண்டுவந்து, அடிப்பக்கத்தை அறுத்துக் குழாயாக்கினேன். தலைமுடி உதிர்ந்துபோன என் மகளின் பழைய பொம்மைதான் பேஷண்ட். பொம்மையைப் படுக்க வைத்து வாளிக்குள் தள்ளுவோம். கையில் ஒரு ரப்பர் பந்து. பயம் வந்தால் பந்தை அமுக்கலாம், பெல் அடிக்கும், நான் ஓடி வருவேன். மெஷின் சத்தத்தை போனில் ரிக்கார்ட் செய்து முன்னாடியே கேட்க வைப்பேன். குகை, புதையல் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டு அதிலிருந்து கதை கட்டினேன். பஸ் பிடித்தால் பஸ், மாடு பிடித்தால் மாடு. தாராபுரத்துப் பெண் ஒருத்தி தன் கன்றுக்குட்டிதான் பக்கத்தில் படுத்திருக்கிறது, அசைந்தால் எழுந்துவிடும் என்று அரை மணி நேரம் கல்லாகக் கிடந்தாள்.

ஏழெட்டு வருஷத்தில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. “ஜெயந்தி மேடம் கதை சொன்னா மயக்க மருந்தே வேண்டாம்” என்று மற்ற டாக்டர்கள்கூடச் சொன்னார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. அதை ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தவள் ஆறு வயது தன்ஷிகா.

3. சோமனூர்ப் பெண்

இரட்டைப் பின்னல், இரண்டு பக்கமும் ரிப்பன், முன்பல் ஒன்று இல்லை. அம்மா கவிதா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அப்பா சக்திவேல் பின்னாலேயே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வலது கைமேல் துண்டைப் போட்டிருந்தார். அந்தக் கை வெளியே வரவே இல்லை. சோமனூரில் வீட்டையொட்டித் தறிப்பட்டறை. எட்டு விசைத்தறி ஓடுகிறது.

அந்த மாதம் தன்ஷிகாவுக்கு இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. இரண்டாவது முறை பள்ளிக்கூடத்திலேயே. தலைப் படம் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்று நரம்பு டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். டாக்டர் லெட்டர் இல்லாமல் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்து எடுப்பதாகத்தான் ஏற்பாடு. காலையில் மயக்க டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நெஞ்சில் சளி, லேசாக மூச்சிழுப்பு. “இன்னிக்கு முடியாதுங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்.”

கவிதா என்னிடம் வந்தார். “மேடம், தலைக்குள்ள கட்டி கிட்டி இருக்குமோன்னு நான் தூங்கியே பத்து நாளாச்சுங்க. இன்னும் ரெண்டு வாரம் எப்படீங்க இருப்பேன்? நீங்க கதை சொல்லியே எடுத்துருவீங்கன்னு சொல்றாங்களே...”

எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. வாளியை எடுத்தேன்.

தன்ஷிகா பொம்மையைத் தானே உள்ளே தள்ளினாள். போனில் சத்தத்தைப் போட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. “எங்க ஊட்டுத் தறி மாதிரியே இருக்குதுங்க!” தொட்டிலில் கிடந்த நாள் முதல் எட்டுத் தறிச் சத்தத்தில் தூங்கிய பிள்ளை. இது ரொம்ப சுலபமான கேஸ் என்று நினைத்தேன். தறிக்கு நடுவில் தூங்கப் போகும் பூனைக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னேன். மெஷினுக்குள் உலோகம் ஆகாது என்பதால் கொலுசு, ஹேர்பின் எல்லாம் கழற்றி, டேபிளில் படுக்க வைத்து, நான் மைக்கில் பேசினால் கேட்கும் ஹெட்போனையும் காயிலையும் மாட்டி, உள்ளே அனுப்பினேன்.

மொத்தம் ஆறு படம். ஒவ்வொன்றும் நாலைந்து நிமிடம் ஓடும். ஒன்று முடிந்ததும் மெஷின் நின்றுவிடும். நான் அடுத்ததை செட் செய்ய ஒரு நிமிடம் ஆகும். முதல் படம் ஓடி முடிந்தது. மெஷின் நின்றது. பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும் என்று நான் மைக்கைத் தொடவில்லை.

பெல் அடித்தது. விடாமல் அடித்தது. கூடவே ஒரு அலறல். நான் உள்ளே ஓடினால் அவள் காயிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கொடுத்து, தட்டிக்கொடுத்து, மறுபடி படுக்க வைத்தேன். சத்தம் கேட்கக் கேட்கப் பயந்துவிட்டாள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதினேன். காதில் பஞ்சு பிளக்கை நன்றாக அமுக்கி, அதன்மேல் ஹெட்போனுக்குப் பதில் தடித்த காதுமூடியையும் மாட்டிவிட்டேன். ஒரு சத்தமும் கேட்காது, ஜம்மென்று படு கண்ணு என்றேன். இந்த முறை முதல் படம்கூட ஓடவில்லை. உள்ளே போன அரை நிமிடத்தில் பெல். பிள்ளையை வெளியே எடுத்தேன். நான் கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஹெட் டாக்டர் கன்ஸோல் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டார். “போதும் விடுங்க ஜெயந்திம்மா. அடுத்த பேஷண்ட் காத்திருக்காங்க. ரெண்டு வாரம் கழிச்சே வரட்டும்.”

“இருபது நிமிஷம் குடுங்க சார்.”

“பதினஞ்சு.”

கவிதா பையை எடுத்து மாட்டிக்கொண்டார். “உடுங்க மேடம். இவளுக்கு எல்லாத்துக்கும் பயமுங்க. கரண்ட் போனாக்கூடக் கத்துவா. இருட்டுக்குப் பயம்.” சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி நின்றார். “பகல்லயும் கத்துவாளே...”

எனக்கு என்மேலேயே எரிச்சல். மெஷினை ஓட்டும் கன்ஸோலில் உட்கார்ந்து, எடுத்த ஒரே ஒரு படத்தைத் திறந்தேன். அழகான படம். கலங்கலே இல்லை. அப்படியானால் சத்தம் ஓடிய நாலு நிமிடமும் அவள் இம்மியும் அசையவில்லை. பெல் அடித்தது சத்தம் நின்ற பிறகு. இரண்டாம் முறை காதை இறுக்கி மூடினேன், ஆரம்பத்திலேயே அலறினாள்.

இத்தனை வருஷமாக நான் எல்லாப் பிள்ளைகளிடமும் பயத்தைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்டேன்: எதுக்குப் பயம்? இவளிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. நானே பதிலையும் சொல்லிவிட்டேன்.

அவள் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். “தன்ஷிகா, மேடம் தப்புப் பண்ணிட்டேன். உங்கிட்டக் கேக்கவே இல்ல. உனக்கு எப்ப கண்ணு பயமாச்சு?”

கொஞ்ச நேரம் ரிப்பனைக் கடித்தாள். “நின்னுபோச்சுல்லீங்க, அப்ப.”

“மெஷின் நின்னா என்ன கண்ணு?”

அவள் கண் நேராக அப்பாவின் துண்டுக்குப் போனது. அவர் துண்டை இழுத்து மூடிக்கொண்டார்.

கவிதா மெல்லிய குரலில் சொன்னார். “ரெண்டு வருஷமாச்சுங்க. இவங்க கை தறியில மாட்டிக்கிச்சு. நான் ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணுனேன். எட்டுத் தறியும் ஒண்ணா நின்னுபோச்சு. இவ வாசப்படில உக்காந்து கலர் அடிச்சுட்டு இருந்தா. பக்கத்து ஊட்டுக்கு அனுப்பிப்போட்டோம். எதையும் பார்க்கலீங்க. குழந்தைக்கு எதுக்குன்னு நாங்க அதைப் பத்திப் பேசறதே இல்ல.”

பார்க்கவில்லைதான். சத்தம் நின்றதைக் கேட்டிருக்கிறாள்.

4. ஐந்து காரணம்

இதற்கு நான் கதை கட்ட முடியாது என்று தெரிந்தது. எனக்குத் தறியைப் பற்றி என்ன தெரியும்? ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன்.

“உங்க ஊட்டுல தறி எதுக்கெல்லாம் நிக்கும்? எனக்குச் சொல்லிக்குடு. நான் எழுதிக்கறேன்.”

எனக்கே தெரியாத ஒன்றைத் தான் சொல்லப் போகிறோம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நூல் அறுந்தா நிக்குமுங்க. அப்பா முடிச்சுப் போடுவாரு, அப்பறம் ஓடும்.”

“ஒண்ணு.”

“தார் தீர்ந்தா நிக்கும். வேற தார் மாட்டோணும்.” தார் என்றால் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் நூல் குச்சி என்பதையும் விளக்கினாள், இதுகூடத் தெரியாதா என்கிற பார்வையோடு.

“ரெண்டு.”

“கரண்ட் போனா. தீவாளிக்கு.” தீபாவளி என்றதும் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாள். “தீவாளிக்கு மூணு நாளும் நிக்குமுங்க!”

“நாலு ஆச்சு. இன்னும் ஒண்ணு?”

சிரிப்பு நின்றது. “அப்பா கை” என்றாள். குரல் பாதி காற்றில் போய்விட்டது.

என் பேனா நின்றது. எழுதலாமா, பேச்சை மாற்றலாமா என்று தெரியவில்லை. அவளே காகிதத்தைத் தொட்டுக் காட்டினாள். “எழுதுங்க.”

எழுதினேன். அப்போதுதான் சக்திவேல் எழுந்து வந்தார். அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வலது கையை அவள் மடிமேல் வைத்தார். இரண்டு விரலில் நுனி இல்லை. நன்றாக ஆறிப்போன விரல்கள்தான்.

“கண்ணு, ஒரு நாளைக்குத் தறி எத்தனை தடவை நிக்குது, சொல்லு?”

“நூறு தடவை.”

“நூறுக்கு மேலயே நிக்கும். நூல் அறுந்து நிக்குது, தார் தீர்ந்து நிக்குது. நீ பொறந்ததுலருந்து எத்தனாயிரம் தடவை நின்னுச்சு. அதுல ஒரே ஒரு தடவைதான் அப்பா கை. அது நெசந்தான், பொய் சொல்லல. வலிச்சுது. அழுதேன்கூட.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன? ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரு சுத்தியிருந்த துணியைப் பிரிச்சுக் கையைப் பார்த்தாரு. நான் நல்லாத்தான் உக்காந்திருந்தேன். உங்கம்மா பார்த்தா பாரு, பொத்துனு உழுந்துபோட்டா. டாக்டரு என்னைய அப்பிடியே உட்டுப்போட்டு அவளுக்குத் தண்ணி தெளிக்கப் போயிட்டாரு!”

“ஏனுங்க, அதெல்லாம் இப்ப எதுக்குங்க இங்க சொல்றீங்க!” என்று கவிதா கத்தினார். முகம் சிவந்துவிட்டது. தன்ஷிகா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் இப்போதுதான் தொடுகிறாள் என்று கவிதா பிறகு சொன்னார்.

பதினைந்து நிமிடத்தில் ஒன்பது போய்விட்டது.

“கண்ணு, இந்த மெஷின் ஆறு படம் எடுக்கும். நடுவுல அஞ்சு தடவை நிக்கும். உங்கிட்ட அஞ்சு காரணம் இருக்குது. எது எப்பன்னு நீயே சொல்லு.”

முதலில் நூல், அப்புறம் தார். தீபாவளி கடைசியில். அப்பா கையை நடுவில் போடச் சொன்னாள். வேண்டாமே என்று கவிதா ஆரம்பித்தார்; நான் கையமர்த்தினேன். அது அவள் கதை.

சக்திவேலின் போன், சாவி, பெல்ட் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளி அரைஞாண் கொடியையும் கழற்றச் சொன்னேன். கல்யாணத்துக்குக்கூடக் கழற்றவில்லை என்றார். பிறகு திரும்பி நின்று கழற்றித் தந்தார். அவருக்கும் காதுமூடி மாட்டி, டேபிளின் கால்மாட்டில் நிற்க வைத்தேன். வேலை இதுதான்: மெஷின் நின்றதும் பிள்ளையின் கால் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். தன்ஷிகாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டுக் கன்ஸோலுக்கு வந்தேன்.

முதல் படம் முடிந்தது. மெஷின் நின்றது. என் கை மைக்கில் தயாராக இருந்தது. “நூல் அறுந்துபோச்சு. முடிச்சுப் போடறேன் இரு.” கண்ணாடி வழியே பார்த்தேன். அப்பா அவள் கட்டைவிரலை இழுத்தார். பெல் அடிக்கவில்லை.

“தார் தீர்ந்துபோச்சு.” பெல் அடிக்கவில்லை.

மூன்றாவது நிறுத்தம். “அப்பா கை” என்றேன். கால்மாட்டில் அவர் தன் நுனியில்லாத விரல்களால் அவள் பாதத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டார். “உங்கம்மா உழுந்துபோட்டா” என்று அவர் குழாய்ப் பக்கம் குனிந்து சத்தமாகச் சொல்வது வாயசைவில் தெரிந்தது. பிள்ளையின் வயிறு குலுங்கியது. “சிரிச்சது போதும், ஆடாத, அடுத்தது ஓடப்போகுது!” என்று நான் மைக்கில் அதட்ட வேண்டியதாயிற்று.

கரண்ட் போனது. கரண்ட் வந்தது. ஐந்தாவது நிறுத்தத்தில், “தீவாளி!” என்றபோது எனக்குப் பின்னாலிருந்தும் ஒரு குரல் சேர்ந்துகொண்டது. திரும்பினால் ஹெட் டாக்டர். பதினைந்து நிமிடம் முடிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது.

படத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. கட்டி இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும், பள்ளிக்கூடம் போகலாம் என்று நரம்பு டாக்டர் அன்றே லெட்டர் கொடுத்துவிட்டார். கவிதா அதை இரண்டு தரம் படித்தார். படித்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அரை மணி நேரம் யாரும் எழுப்பவில்லை.

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். என் இடத்துக்கு வந்த புது டெக்னீஷியன்களுக்கு வாளியையும் பொம்மையையும் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன். கதை நன்றாக இருக்க வேண்டியது இரண்டாவது. முதலில் தரையில் உட்கார்ந்து, எப்போது பயமாச்சு என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். பாதிக் கதை குழந்தைகளிடமே இருக்கும். மீதிப் பாதி பல சமயம் வெயிட்டிங் ஹாலில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அன்று அம்மா தூங்கிய அரை மணி நேரத்தில் தன்ஷிகா என் கன்ஸோல் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

“மேடம், உங்களுக்கு எப்பங்க பயமாகும்?”

எனக்கெல்லாம் பயமே கிடையாது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

“படுத்திருக்கறது சின்னப் பிள்ளைன்னா, முதல் படம் ஸ்கிரீன்ல வர்றதுக்கு முன்னால ஒரு செகண்டு இருக்குதல்ல, அப்ப. உள்ள என்ன இருக்குமோன்னு தெனமும் பயமா இருக்கும் கண்ணு.” இத்தனை வருஷத்தில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை.

அவள் என் செருப்பைப் பார்த்தாள்.

“அப்ப யாரையாச்சும் கட்டைவெரலை இழுக்கச் சொல்லுங்க” என்றாள்.